கேட்காமல் ஏற்றிய பீட்டா

அம்சவல்லிக்குக் காது மந்தம் என்பது வடக்குப்பட்டில் எல்லோருக்கும் தெரியும். காது மந்தமானவளுக்குக் கோபமும் மந்தமாகத்தான் வரும் என்று அவள் புகுந்த வீட்டில் எப்படியோ ஒரு நினைப்பு விழுந்துவிட்டது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் சத்தம் போட்டு யாரும் பார்த்ததில்லை. சண்டை போடவேண்டுமானால் எதிராளி சொல்வது முழுசாகக் காதில் விழவேண்டும். பாதி விழுந்து பாதி விழாமல் சண்டைக்குப் போனால், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று ஒரே வார்த்தையில் ஆளைக் கவிழ்த்துவிடுவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் காதைத் தின்றுவிட்டுப் போனது. படிப்பு பத்தோடு நின்றது. ஒரகடத்தில் கார்களுக்கு வயர்களைக் கட்டாகக் கட்டி அனுப்பும் கம்பெனியில் லைன் வேலை கிடைத்தது. அங்கே மெஷின் இரைச்சலில் நன்றாகக் காது கேட்கிறவர்களே கையாலும் கண்ணாலும்தான் பேசிக்கொள்வார்கள். அம்சவல்லிக்கு அது சொந்த ஊர் மாதிரி இருந்தது. யார் உதடு எப்படி அசைந்தால் என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியும். சூப்பர்வைசர் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் மட்டும், "சார், இந்தப் பக்கம் திரும்புங்க" என்பாள்.

அவளைத் தோற்கடித்தது போன் ஒன்றுதான். போனில் உதடு இல்லை. பழைய காது மெஷினுக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோனால் கீச்சென்று விசிலடிக்கும். அதனால் அவளுக்கு வரும் அழைப்புகளை எல்லாம் புருஷன் இளங்கோவன்தான் எடுப்பான். பிறந்த வீட்டுச் சேதி, கம்பெனிச் சேதி, பள்ளிக்கூடத்துச் சேதி எல்லாம் அவன் வாய் வழியாகச் சுருங்கி வந்து சேரும். எதிர்முனையில் ஆள் பேசிக்கொண்டே இருப்பது இளங்கோவனின் தலையாட்டலில் தெரியும். வைத்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, சும்மாதான்" என்பான்.

மகள் மஹாலட்சுமி நர்சிங் படிக்கத் திருவண்ணாமலைக்குப் போய் ஹாஸ்டலில் சேர்ந்தபோது, அம்சவல்லி இதற்கு ஒரு வழி பார்த்தே தீருவது என்று இறங்கினாள். போனோடு நேரடியாகச் சேர்ந்துகொள்ளும் புது மெஷின் இரண்டு காதுக்கும் வாங்கினாள். அந்த மெஷினுக்குப் பொருந்தும் போன் ஒன்றும் வாங்கினாள். யாரிடமும் கையேந்தவில்லை. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததில் வாங்கியது.

முதல் அழைப்பு வந்த சாயங்காலம் அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ம்மா, சாப்டியா?" என்று மஹா கேட்டது தலைக்குள்ளேயே கேட்டது. பெண் பேசுவதற்கு முன்னால் ஒருமுறை எச்சில் விழுங்குகிறாள் என்பதையும், பொய் சொன்னால் வேகம் கூடுகிறது என்பதையும், சிரிப்பு மூக்கு வழியாக வருகிறது என்பதையும் அம்சவல்லி அந்த ஒரு வருஷத்தில்தான் கண்டுபிடித்தாள். பெற்று வளர்த்த பெண்ணைப் புதிதாகப் பழகியது போல இருந்தது.

அந்தப் போனில்தான் ஸ்ரீதர் கை வைத்தான்.

ஸ்ரீதர் இளங்கோவனின் தம்பி. மாடிப் போர்ஷனில் குடியிருப்பவன். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை. வேலை நேரம் போக, செல்போன்களைப் பற்றி யூடியூபில் பேசுவான். நாலு பேருக்கு முன்னால் முதல் ஆளாக எதையாவது காட்டிவிடவேண்டும் என்பது அவனுக்கு ஒரு பைத்தியம். ஆனால் அவன் போன் பழசு, புது சாஃப்ட்வேர் எதுவும் அதில் ஏறாது. அண்ணியின் போன் புதுசு. கம்பெனிக்குள் கேமரா போன் கொண்டுபோகக்கூடாது என்பதால் அவள் ஷிஃப்டுக்குப் போகும்போது அது வீட்டு ஹாலில் சார்ஜில் கிடக்கும். வாங்கியபோது எல்லாம் சரிசெய்து கொடுத்தவனே அவன்தான் என்பதால் பாஸ்வேர்டும் தெரியும். ஆடி மாதம் ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

அம்சவல்லி ஷிஃப்ட் முடிந்து வந்து பார்த்தபோது போனில் எழுத்து, நிறம் எல்லாம் வேறு மாதிரி இருந்தது. ஏதோ அப்டேட் ஆகியிருக்கிறது என்று நினைத்தாள். சாயங்காலம் மஹா கூப்பிட்டாள். எடுத்ததும் காதுக்குள் கர்ரென்று மணலை வறுப்பது போல ஒரு சத்தம். அதற்குப் பின்னால் எங்கோ ஒரு குரல் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. அம்சவல்லி வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் மணல்.

மாடிக்குப் போய் ஸ்ரீதரிடம் நீட்டினாள். அவன் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"ஒண்ணும் ஆவல அண்ணி. பீட்டா போட்டுக்கீறேன். கம்பெனிக்காரன் எல்லாருக்கும் வுடறதுக்கு முன்னாடி டெஸ்டிங்குக்குன்னு வுடுவான், அது. இந்த ஏரியாவுல ஒருத்தன்கிட்டயும் இல்ல, உங்க போன்லதான் கீது!"

"டெஸ்டிங்கா? என் காதுலயா?"

"காதுல இல்ல அண்ணி, போன்ல."

"என் காதே அந்தப் போன்லதான் கீது. மஹா பேசறது கேக்கல. எடுத்துடு."

"அது டக்குனு எடுக்க முடியாது. எடுக்கணும்னா போனையே முழுசா அழிக்கணும். பேக்கப்பு எடுத்து வச்சாலும் பிரயோஜனம் இல்ல, பீட்டால எடுத்தது பழைய வெர்ஷன்ல ஏறாது. புரட்டாசில அபிஷியல் வந்துடும். வந்தா இத்தெல்லாம் தானா சரியாயிடும். அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"யாரக் கேட்டுப் போட்ட?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "நம்ம வூட்டுப் போனுதான அண்ணி? முன்னெல்லாம் போன்ல பேசாமதான இருந்தீங்க, ரெண்டு மாசம் இன்னா ஆயிடப் போவுது?"

அம்சவல்லி படியிறங்கி வந்தாள். முன்னெல்லாம் பேசாமல்தான் இருந்தாள். அந்த முன்னெல்லாமிலிருந்து வெளியே வர அவளுக்கு எத்தனை வருஷம் பிடித்தது என்று அவனுக்குத் தெரியுமா? கீழே வந்து புருஷனிடம் சொன்னாள். இளங்கோவன் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "வுடு அம்சா. தம்பி தெரியாம பண்ட்டான். மஹா போன் பண்ணா நான் கேட்டுச் சொல்றேன்" என்றான்.

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

பழையபடி ஆரம்பித்தது. மஹா கூப்பிடுவாள். இளங்கோவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ம், ம், சரிம்மா என்பான். அம்சவல்லி எதிரில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வைத்ததும், "இன்னாவாம்?" என்பாள்.

"நல்லாக்கீறாளாம்."

"அவ்ளோ நேரம் பேசினாளே?"

"அதான் சொல்றேன், நல்லாக்கீறாளாம்."

வீடியோ காலில் உதட்டைப் பார்க்கலாம் என்றால், ஹாஸ்டலில் சிக்னல் இழுத்து இழுத்துப் படம் பாதி வாயிலேயே நின்றுவிடும். மெசேஜ் போட்டால் நைட் டியூட்டி பார்த்த பெண் ஒரு வரியில் பதில் போடும். மஹாவின் குரல் மறுபடியும் அவளுக்கு இல்லாமல் போனது.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சர்வீஸ் கடைக்கு இளங்கோவனைக் கூட்டிக்கொண்டு போனாள். கவுண்டரில் ஜெபகுமார் என்று திருநெல்வேலிப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். அம்சவல்லி விஷயத்தைச் சொன்னாள். அவர் அவள் காதில் இருந்த மெஷினைப் பார்த்தார், உடனே முகத்தை இளங்கோவன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சார், உங்ககிட்ட சொல்லுதேன், மேடத்துக்கு நீங்க எடுத்துச் சொல்லிருங்க..."

"போன் என்னுது" என்றாள் அம்சவல்லி. "கேட்டது நான். என்கிட்ட சொல்லுங்க."

ஜெபகுமார் திடுக்கிட்டுத் திரும்பி, கடையே அதிரும்படி, "டேட்டா! எல்லாம்! போயிரும்!" என்று கத்தினார். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கத்த வேணாம். மூஞ்சியப் பாத்து மெதுவாப் பேசுனா எனக்குப் புரியும்."

அவருக்கு முகம் சிவந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒழுங்காகச் சொன்னார். இப்போதே பழைய சாஃப்ட்வேருக்குத் திரும்பினால் போன் காலியாகிவிடும். அழிக்காமல் வெளியே வர ஒரு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் பீட்டா அப்டேட் என்பதை ஆஃப் செய்துவிடவேண்டும். அபிஷியல் வரும் நாளில் எல்லாப் போனுக்கும் வருவது போல இதற்கும் வரும். அதை ஏற்றிக்கொண்டால் போட்டோ, மெசேஜ் எதுவும் போகாது.

"ஒண்ணே ஒண்ணு மேடம். அதுக்குள்ள அடுத்த பீட்டா எதையும் ஏத்திரக் கூடாது. ஏத்திட்டா போன் அபிஷியலத் தாண்டிப் போயிரும். பொறவு அது இதுக்கு வராது, அடுத்த அபிஷியலுக்குக் காத்துக் கெடக்கணும்."

அங்கேயே ஆஃப் செய்தாள். வீட்டுக்கு வந்ததும் மாடி ஏறி ஸ்ரீதரிடமும் சொன்னாள். "இதுக்கு மேல எதுவும் ஏத்தாத." அவன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரி அண்ணி, சரி அண்ணி" என்றான்.

புரட்டாசி பிறந்து சில நாளில், கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் மாரிசெல்வி தன் வீட்டுக்காரர் போனுக்குப் புது அப்டேட் வந்துவிட்டதாகச் சொன்னாள். அதே போன், அதே கம்பெனி. அம்சவல்லிக்கு அன்றைக்கு லைனில் கை பறந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் போனை எடுத்து செட்டிங்ஸுக்குள் போனாள். புது அப்டேட் ஒன்றும் இல்லை என்றது. ஆஃப் செய்து வைத்திருந்த பீட்டா அப்டேட் ஆன் ஆகியிருந்தது. ஸ்ரீதர் மத்தியானமே வந்து அடுத்த பீட்டாவை ஏற்றிவிட்டுப் போயிருந்தான்.

அவன் மாடியில் விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அவள் நேராக விளக்குக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீ மனுசன்தானா?"

"இன்னா அண்ணி, ரெக்கார்டிங் ஓடுது..."

"ஓடட்டும். ஏத்தாதன்னு சொன்னேனா இல்லியா?"

"அபிஷியலுக்கும் அடுத்த பீட்டாவுக்கும் இன்னா வித்தியாசம்னு எல்லாரும் கேக்கறாங்க அண்ணி. உங்க போன வுட்டா வேற எதுல காட்டுவேன்? இன்னும் ஒரு மாசம், ஒன்றரை மாசம்..."

"எம் பொண்ணு பேசறது எனக்குக் கேக்கல. அது உனக்கு வெள்ளாட்டா?"

"அதான் அண்ணன் கேட்டுச் சொல்லுதே" என்றான் ஸ்ரீதர்.

அண்ணன் கேட்டுச் சொன்னதன் லட்சணம் அடுத்த வாரம் தெரிந்தது. ஆயுத பூஜை லீவுக்கு மஹா வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கிய பெண்ணைப் பார்த்து அம்சவல்லி அதிர்ந்துபோனாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, யாரோ போல வந்தாள்.

"இன்னாடி இப்படி ஆயிட்ட?"

"டெங்கு வந்துச்சுல்லம்மா, அதுல இளைச்சது" என்றாள் மஹா சாதாரணமாக. "ஒரு வாரம் வார்டுல இருந்தேனே. நீ ஏன் வரலன்னு நெனச்சிகினே இருந்தேன்."

அம்சவல்லிக்குச் சரியாகத்தான் கேட்டது. ஆனாலும், "இன்னா சொன்ன?" என்றாள்.

"அப்பாகிட்ட சொன்னேனே. அம்மாகிட்ட சொல்லுப்பான்னு சொன்னேன். நீகூட எப்படிடி கீதுன்னு மெசேஜ் போட்ட, இப்ப பரவால்லம்மான்னு நான் போட்டேனே!"

போட்டிருந்தாள். அம்சவல்லி கேட்டது பரீட்சையைப் பற்றி. பெண் பதில் சொன்னது உயிருக்கு வந்த காய்ச்சலைப் பற்றி.

இளங்கோவன் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "நீ பயந்துடுவன்னுதான்... பிளேட்லெட் ஏற ஆரம்பிச்சிட்டுதுன்னு டாக்டரும் சொன்னாங்க... சரியான அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

"பயப்படறதா வேணாமான்னு நான் பாத்துக்க மாட்டனா?" அம்சவல்லி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "எம் பொண்ணு ஆஸ்பத்திரில படுத்துகினு என்னைத் தேடிக்கீறா. நான் இங்க வடை சுட்டுகினு இருந்துக்கீறேன். நல்லாக்கீறாளாம்னு உங்க வாயால எத்தினி வாட்டி சொன்னீங்க? எனக்கு வர்ற சேதிய வடிகட்டறதுக்கு நீங்க யாரு, உங்க தம்பி யாரு? அவன் கேக்காம ஏத்துவான், நீங்க கேட்டுட்டு முழுங்குவீங்க. நடுவுல நான் இன்னா, வூட்டுல வச்ச பொம்மையா?"

இளங்கோவன் மஹாவின் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

அடுத்த அபிஷியல் வரும்வரை காத்திருக்க அவள் தயாராக இல்லை. மறுநாளே சர்வீஸ் கடைக்கு ஒண்டியாகப் போனாள். ஜெபகுமார் பார்த்ததும் எழுந்து, அவளுக்கு நேராக வந்து நின்றுகொண்டார். முழுக்க அழித்து அபிஷியலை ஏற்றச் சொன்னாள். அவர் போட்டோக்களை எல்லாம் முதலில் வெளியே எடுத்துப் பத்திரப்படுத்தினார். பிறகு தயங்கினார்.

"மேடம், சாட்டுக்கு பேக்கப்பே ஆன் பண்ணாம வச்சிருக்கு. செட் பண்ணித் தந்தவங்க கவனிக்கல போல. மக அனுப்பின வாய்ஸ் மெசேஜ் நெறைய கெடக்கு. எடுத்துப் பாக்கேன், ஆனா இந்த பீட்டால பாதியிலயே நின்னு நின்னு போவுது."

இரண்டு மூன்று தடவை முயன்றார். பாதிகூட வரவில்லை. முதல் வருஷத்துக் குரல்கள், ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் மஹா அழுதுகொண்டே பேசியது, முதல்முதலாக ஊசி போட்டுவிட்டுச் சிரித்தது எல்லாம் வராத பாதியில் இருந்தன. ஜெபகுமார் விரலைப் பட்டனுக்கு மேலே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அடுத்த அபிஷியல் வர வரைக்கும் வெச்சிருந்தா இது மிஞ்சும் மேடம்."

பறிகொடுப்பதா, காத்திருப்பதா என்று ஸ்ரீதர் தன்னைப் போய் முடிவெடுக்க வைத்துவிட்டானே என்ற ஆத்திரத்தில் அம்சவல்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"அழிச்சிடுங்க. அதெல்லாம் நான் ஒருவாட்டி காதால கேட்டுட்டது. இனிமே பேசப் போறத கேக்கணும் எனக்கு."

போன் கறுத்து, வெளுத்து, புதிதாக வாங்கியதைப் போல வணக்கம் சொல்லிக்கொண்டு எழுந்தது. பாஸ்வேர்டை அவளே போட்டாள். காது மெஷினைச் சேர்த்தாள். கடைக்கு வெளியே வந்து, லாரிகள் போய்க்கொண்டிருந்த ரோட்டோரத்தில் நின்று வீட்டுக்குக் கூப்பிட்டாள். மஹா எடுத்தாள். மணல் இல்லை. "ம்மா, கேக்குதா?" என்று தலைக்குள்ளே வந்த குரலில் இன்னும் காய்ச்சலின் களைப்பு இருந்தது. இளங்கோவன் வாய் வழியாக வந்திருந்தால் அந்தக் களைப்பு அவளிடம் வந்து சேர்ந்திருக்காது.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஸ்ரீதர் முடியவிடவில்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு வீடியோ போட்டான். பீட்டாவிலிருந்து அபிஷியலுக்கு மாறுவது எப்படி என்று தலைப்பு. அம்சவல்லி அதை முழுசாகக் கேட்டாள். ஒரு சொல் விடாமல் காதுக்குள் விழுந்தது. "நம்ம வூட்லயே ஒருத்தங்க, பொறுமை இல்லாம, அவசரப்பட்டு எல்லா டேட்டாவையும் அழிச்சிட்டாங்க ஃப்ரெண்ட்ஸ். நீங்க அந்தத் தப்பப் பண்ணாதீங்க" என்றான்.

அவள் கீழே கமெண்ட் எழுதினாள். 'அந்த ஒருத்தங்க நான்தான். என் பெயர் அம்சவல்லி. போன் என்னுடையது. என்னைக் கேட்காமல் இரண்டு தடவை பீட்டா போட்டது இந்த வீடியோவில் பேசுகிறவர். அதனால் எனக்குக் காது கேட்கவில்லை. என் பெண்ணுக்கு டெங்கு வந்தது எனக்குத் தெரியவில்லை.'

காலையில் பார்த்தபோது கமெண்ட் இல்லை. இப்போதெல்லாம் போனை வீட்டில் விட்டுவிட்டுப் போகாத அவள் பஸ்ஸில் உட்கார்ந்து மறுபடி எழுதினாள். ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. அதுவும் போனது. மூன்றாவது தடவை எழுதியபோது மாரிசெல்வி எட்டிப் பார்த்து, விஷயம் கேட்டு, தானும் எழுதினாள். பஸ் ஒரகடம் போய்ச் சேருவதற்குள் பின் சீட்டுப் பெண்கள் வரைக்கும் எழுதிவிட்டார்கள். கம்பெனி கேட்டில் போன்களைக் கொடுத்து வைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

சாயங்காலம் ஸ்ரீதர் கீழே வந்தான். "அண்ணி, மானம் போவுது."

"கேக்காம எடுத்தேன், தப்புன்னு அதே வீடியோல சொல்லு. நானே கமெண்ட்ட எடுத்துடறேன்."

அவன் அதைச் சொல்லவில்லை. வீடியோவையே எடுத்துவிட்டான். ஒரு போனுக்காக அண்ணன் தம்பியைப் பிரித்துவிட்டாள் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பி, அதுவும் அவள் காதுக்கு வந்தது. விளக்கம் சொல்லிக்கொண்டு எந்த வீட்டுக்கும் போகவில்லை.

தீபாவளிக்கு ஸ்ரீதர் பெண்டாட்டி பிள்ளையோடு கீழே சாப்பிட வந்தான். அம்சவல்லி எல்லோருக்கும் பரிமாறினாள். அவன் இலையிலும் ஒன்றும் குறைவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே, "இன்னா அண்ணி, இன்னுமா கோவம்?" என்று கேட்டான்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.